தமிழ் லேபிள்களை நிரல் எழுதிப் பிரிப்பது எப்படி: பெயர் தனியே, உருபுத் தொடர் தனியே

உங்களிடம் ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது, அதில் ஆயிரக்கணக்கில் லேபிள்கள். 'வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரம்', 'நூலகத்தில் பதிவு செய்த மாணவர்களின் எண்ணிக்கை', 'கடைசியாகப் பணம் செலுத்திய தேதி', இந்த மாதிரி. இதில் எது தலைப்பெயர் (தூரம், எண்ணிக்கை, தேதி), எது அதைச் சார்ந்து வரும் தொடர் (வீட்டிலிருந்து, பள்ளிக்கு, மாணவர்களின்) என்று பிரித்துத் தரச் சொல்கிறார்கள். தேடலுக்காக இருக்கலாம், இரண்டு அட்டவணைகளை இணைப்பதற்காக இருக்கலாம், ஒரே விஷயம் இரண்டு பெயரில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவும் இருக்கலாம்.

தேடினால் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காக எழுதியவை. அங்கே முன்னிடைச்சொல் தனியாக நிற்கும், கண்டதும் வெட்டிவிடலாம். நமக்கு அந்த வேலையைச் செய்வது சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேற்றுமை உருபு, அல்லது சொல்லுக்குப் பின்னால் தனியாக வரும் சொல்லுருபு (பற்றி, மூலம் மாதிரி). தலைப்பெயரும் அநேகமாக லேபிளின் கடைசியில்தான் இருக்கும். அதனால் அந்த வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் பாதி நாள் வீண். நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வரிசையைக் கீழே தருகிறேன். பைத்தான் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

1. முதலில் விடைத்தாள், அப்புறம்தான் நிரல்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் லேபிள்களிலிருந்து குத்துமதிப்பாக 200 எடுத்து (மேலிருந்து வரிசையாக எடுக்க வேண்டாம், கலைத்துவிட்டு எடுங்கள்) கையாலேயே பிரித்து வையுங்கள். நான்கு பத்திகள் போதும்: மூல லேபிள், தலைப்பெயர், தொடர்கள், குறிப்பு. குறிப்புப் பத்திதான் பின்னால் அதிகம் உதவும், 'இதை எப்படிப் பிரிப்பது என்று எனக்கே தெரியவில்லை' என்றுகூட அதில் எழுதலாம். உங்களுக்கே தெரியாததை நிரல் கண்டுபிடித்துவிடாது.

அந்த 200ஐ இரண்டாகப் பிரித்து, பாதியைப் பார்த்து விதி எழுதுங்கள். மறுபாதியைக் கடைசி வரை திறக்காதீர்கள்.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

பணச் செலவு இல்லை. பைத்தான் இலவசம், அதற்கான 'ரெஜெக்ஸ்' என்ற கூடுதல் நூலகமும் (நூலகம் என்றால் ஆயத்த நிரல் தொகுப்பு; இது ஏன் என்று 4ஆம் படியில் சொல்கிறேன்), தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓபன்-தமிழ் நூலகமும் இலவசம். செலவாவது நேரம்தான். நிரல் சில நூறு வரிகளுக்குள் முடிந்துவிடும், விதிவிலக்குப் பட்டியல்தான் நேரத்தைத் தின்னும்.

எடுத்த எடுப்பிலேயே ஸ்பேசி, என்எல்டிகே, ஸ்டான்சா மாதிரிப் பெரிய மொழி ஆய்வுக் கருவிகளைத் தேடி ஓடாதீர்கள். ஸ்பேசியில் தமிழ் என்று ஒரு பிரிவு உண்டு, ஆனால் பயிற்சி கொடுத்த மாடல் கிடையாது. சொல் பிரிப்பும் நிறுத்தச்சொற்களும் (தேடலில் ஒதுக்கும் பொதுச்சொற்கள்) கிடைக்கும், அவ்வளவுதான். என்எல்டிகேயுடன் வரும் இந்திய மொழித் தொகுப்பில் இந்தி, வங்காளம், மராத்தி, தெலுங்கு இருக்கின்றன, தமிழ் இல்லை. ஸ்டான்சாவில் தமிழ் மாடல் இருக்கிறது, இலக்கணப் பகுப்பும் தரும். ஆனால் அதற்குப் பயிற்சி கொடுத்த டிடிபி என்ற தமிழ் வாக்கியத் தொகுப்பில் இருப்பது மொத்தமே 600 வாக்கியங்கள், அவையும் செய்தி வாக்கியங்கள். லேபிளில் வினைமுற்றே இருக்காது, அதனால் அது திணறுகிறது. கூடவே அது இயங்கத் தேவையான பைடார்ச் நூலகமும் இறங்கும் என்பதால் நூற்றுக்கணக்கான எம்பி இடம் போகும். அலுவலக வேலைக்கு என்றால் மாடலின் உரிமத்தையும் தொகுப்பின் உரிமத்தையும் தனித்தனியாகப் படித்துவிடுங்கள், நிரலுக்கு இருக்கும் தாராளம் தரவுக்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

3. எழுத்துகளைச் சுத்தம் செய்வது

எக்செலிலிருந்து சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், அந்த சிஎஸ்வியிலிருந்து திரும்பப் பெற வழி இல்லை. படிக்கும்போது 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருந்தால் அது நீக்கிவிடும். முதல் பத்தி மட்டும் பெயர் பொருந்தாமல் அடம் பிடித்தால் காரணம் அநேகமாக இந்தக் குறிதான்.

பழைய கோப்பாக இருந்து பாமினி, டிஸ்கி மாதிரி எழுத்துருவில் அடித்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஓபன்-தமிழில் அதற்கான மாற்றி இருக்கிறது.

அடுத்து நார்மலைசேஷன், அதாவது ஒரே எழுத்தை எங்கும் ஒரே வகையில் சேமிப்பது. 'ோ' என்ற குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், 'ே', 'ா' என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் மட்டும் வேறு வேறு என்று வரும். 'மாணவர்களோடு' ஒரு வரியில் பிடிபட்டு அடுத்த வரியில் பிடிபடாமல் போவது இதனால்தான். எல்லா லேபிளையும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. உங்கள் உருபுப் பட்டியலையும் சேர்த்து மாற்றுங்கள், பலர் மறப்பது அதைத்தான். ஒன்று மட்டும் என்எஃப்சியால் ஆகாது: 'ௌ' குறிக்குப் பதிலாக 'ெ' போட்டு அதன் பக்கத்தில் 'ள' எழுத்தை அடித்திருந்தால் அது எழுத்துப்பிழை, கையால்தான் திருத்த வேண்டும்.

அகலமில்லாத இடைவெளி, அகலமில்லா இணைப்பான் போன்ற மறைகுறிகளையும் இந்தப் படியிலேயே நீக்குங்கள். பிறகு அடைப்புக்குறிக்குள் இருப்பதை வெட்டித் தனிப் பத்தியில் வையுங்கள். 'தூரம் (கி.மீ.)' என்பதில் கி.மீ. ஓர் அலகு, அதற்கும் பிரிப்புக்கும் சம்பந்தமில்லை. அதற்காகப் புள்ளியைக் கண்ட இடத்தில் வெட்டினால் 'கி', 'மீ' என்று இரண்டு பெயர்கள் கிடைக்கும்!

4. சொல்லாக உடைப்பது

பைத்தானோடு வரும் 'ரீ' நூலகத்தில் சொல்லைப் பிடிக்க எல்லோரும் பயன்படுத்தும் அந்தப் பின்சாய்கோடு-டபிள்யூ குறியைத் தமிழில் தொடாதீர்கள். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிக்காது. 'விலை' என்று கொடுத்தால் 'வ', 'ல' என்று இரண்டு துண்டு வரும். சைகிட்-லேர்ன் என்ற நூலகத்தின் சொல் எண்ணியும் இயல்பாக இதே குறியைத்தான் நம்பியிருக்கிறது, அங்கேயும் இதே கதை. இடைவெளியில் உடைத்தாலே நம் வேலைக்குப் போதும். அப்படியும் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) வேண்டும் என்றால் மேலே சொன்ன 'ரெஜெக்ஸ்' நூலகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்து எண்ணும்போதும் கவனம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும், நமக்கு அது 3 எழுத்து. ஓபன்-தமிழின் எழுத்துப் பிரிப்பான் 3 என்று சரியாகச் சொல்லும். 7ஆம் படியில் இது தேவைப்படும்.

5. சந்தி எழுத்தைக் கழற்றுவது

'பள்ளிக்குச் செல்லும்' என்பதில் கடைசி 'ச்' இருக்கும்வரை 'க்கு' என்ற உருபு நிரலின் கண்ணில் படாது. அதனால் சொல்லின் கடைசியில் க், ச், த், ப் இருந்து, அடுத்த சொல்லும் அதே மெய்யில் தொடங்கினால் மட்டும் கழற்றுங்கள். அந்த 'மட்டும்' முக்கியம். கண்மூடித்தனமாகக் கழற்றினால் 'கிளிக்', 'லிங்க்' எல்லாம் மூளியாகும். இந்த நிபந்தனையோடும் 'லேப்டாப் பழுது' மாட்டிக்கொள்ளும், அந்த மாதிரிச் சொற்களுக்குச் சின்ன விதிவிலக்குப் பட்டியல் போடுங்கள். கழற்றிய எழுத்தை எறிந்துவிடாமல் பக்கத்திலேயே குறித்து வையுங்கள், கடைசிச் சோதனைக்கு வேண்டும்.

6. உருபுப் பட்டியல்

புதிதாக வருபவர்கள் அதிகம் சிக்கும் இடம் இது. பட்டியலில் 'இல்', 'ஆல்', 'இன்' என்று இலக்கணப் புத்தகத்தில் உள்ளபடியே அடித்துவிட்டு, ஒரு சொல்கூடப் பொருந்தவில்லையே என்று விழிப்பார்கள். 'வீட்டில்' என்ற சொல்லுக்குள் 'இ' என்ற எழுத்தே கிடையாது, இருப்பது 'ி' என்ற குறி. எனவே பட்டியலில் உருபுகள் குறியோடு தொடங்க வேண்டும்: ில், ால், ின், ை, ோடு, ுடன், ிடம், ிலிருந்து, ுடைய. 'கு' உருபுக்கு 'க்கு', 'ற்கு' இரண்டையும் போடுங்கள். 'க்காக', 'ற்காக' இரண்டும் தனி. குறியை மட்டும் தட்டச்சு செய்தால் எடிட்டரில் புள்ளி வட்டத்தோடு அசிங்கமாகத் தெரியும், பயப்பட வேண்டாம், அது சரிதான்.

'பள்ளியில்', 'குழுவில்' என்று இடையில் ய, வ வருவதற்குத் தனி விதி தேவையில்லை. ய, வ மேலேயும் அதே 'ி' குறிதான் இருக்கிறது, தானாகப் பொருந்தும். 'எனது', 'தனது' போன்றவை வேறு ரகம். அகரத்துக்குக் குறியே இல்லாததால் 'து'வை மட்டும் வைத்துப் பிடிக்கப் போனால் 'வயது' சிக்கும், லேபிள்களில் வயது எவ்வளவு வரும் என்று சொல்லவே வேண்டாம். அந்த நாலைந்து சொற்களை முழுச்சொல்லாகவே பட்டியலிடுங்கள்.

பட்டியலை நீளமானதிலிருந்து குட்டையானதற்கு என்று வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். இன்னொன்று: 'கடலில்' என்பதிலிருந்து 'ில்' என்பதை நீக்கினால் மிஞ்சுவது 'கடல', 'கடல்' இல்லை. குறியை எடுத்தால் அடியில் இருக்கும் மெய் அகரமேறிவிடும், புள்ளியை நீங்கள்தான் திரும்ப வைக்க வேண்டும்.

7. உருபு மாதிரி நடிக்கும் சொற்கள்

பாதி வேலை இங்கேதான். 'க்கு', 'ற்கு' என்று முடிந்தால் நான்காம் வேற்றுமை என்று விதி எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? கணக்கு, வழக்கு, இலக்கு, சரக்கு எல்லாம் தொடராகிவிடும். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு திசையும் போய்விடும். 'ில்' விதியில் தொழில், கோயில், ரயில். 'ால்' விதியில் பால், கால், தபால். 'ின்' விதியில் வைட்டமின், இன்சுலின். 'ோடு' விதியில் பின்கோடு, பார்கோடு. 'ிடம்' விதியில் கட்டிடம், வசிப்பிடம், பிறப்பிடம், காலியிடம் (படிவ லேபிள்களில் இவை இல்லாத கோப்பே கிடையாது). 'பாட்டில்' என்பது பாடலுக்குள்ளா, தண்ணீர் ஊற்றுவதா என்று லேபிளை முழுதாகப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இரண்டாம் வேற்றுமை 'ை'யைப் பொதுவிதியாக எழுதவே வேண்டாம். எண்ணிக்கை, விலை, தொகை, வகை, முறை, நிலை, துறை என்று தலைப்பெயர்களில் பாதி ஐகாரத்தில்தான் முடிகின்றன. லேபிள்களில் உண்மையான 'ஐ' உருபு குறைவு. 'களை', 'த்தை' என்று முடிந்தால், அல்லது அடுத்த சொல் பற்றி, குறித்து, தவிர என்று இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இதனோடு, வெட்டிய பிறகு குறைந்தது இரண்டு எழுத்தாவது மிஞ்ச வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்த்தால் மெத்தையும் அத்தையும் தப்பித்துவிடும்.

மற்றவற்றுக்கு விதிவிலக்குப் பட்டியல்தான் வழி. உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள். நிரலை ஒருமுறை ஓட்டி, உருபு இருப்பதாக அது சொன்ன சொற்களை மட்டும் தனியே எடுத்து, எத்தனை முறை வருகிறது என்ற வரிசையில் அடுக்கி, மேலிருந்து கண்ணால் பார்த்துக்கொண்டே வாருங்கள். அடிக்கடி வரும் சொற்கள் கொஞ்சம்தான், அவற்றைச் சரி செய்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். 'வங்கிக்கணக்கு' மாதிரிச் சேர்த்து எழுதியவையும் தப்பிக்க வேண்டும் என்பதால் நீளமான விதிவிலக்குகளைச் சொல்லின் முடிவிலும் ஒப்பிடுங்கள், 'பால்', 'கால்' போன்ற குட்டைச் சொற்களை முழுச்சொல்லாக மட்டும் ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் 'அன்பால்' பாலாகிவிடும்.

8. தனியாக நிற்கும் சொல்லுருபுகள்

மேல், கீழ், முன், பின், உள், வரை, பற்றி, குறித்து, மூலம், வழியாக, இடையே, தவிர, பிறகு. இவை வந்தால் முந்தைய சொல்லையும் சேர்த்து ஒரே தொடராக்க வேண்டும்: 'பணம் செலுத்திய பிறகு', 'பொருளைப் பற்றி', 'தேர்வுக்கு முன்'.

பொறி என்னவென்றால் 'மேல் முறையீடு', 'உள் நோயாளி', 'முன் பதிவு' இவற்றில் இதே சொற்கள் அடைமொழியாக நிற்கின்றன. லேபிளின் முதல் சொல்லாக வந்தால் அது சொல்லுருபாக இருக்க முடியாது. நடுவில் வந்தால் முந்தைய சொல்லைப் பாருங்கள்: மேல், முன், பின் எல்லாம் 'க்கு', 'ின்' உருபுகளை எதிர்பார்க்கும், பற்றியும் குறித்தும் 'ை' கேட்கும். எதிர்பார்த்தது இல்லை என்றால் அடுத்த பெயரோடு ஒட்டிவிடுங்கள். 'மூலம்' கடைசிச் சொல்லாக நின்றால் அது தலைப்பெயர். 'வருமானத்தின் மூலம்' என்ற லேபிள் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறது.

'6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகள்' போன்றவற்றுக்குத் தனி விதி எழுதுங்கள். எண்ணுக்குப் பின் 'முதல்' வந்து, வலப்பக்கம் எங்காவது 'வரை' இருந்தால் முழுவதும் ஒரே தொடர். எண் இல்லாமல் வரும் 'முதல்' ('முதல் தவணை') வெறும் அடைமொழி.

9. எது எதோடு சேரும்

பிரித்தால் போதும் என்றால் இந்தப் படியை விட்டுவிடலாம். எந்தத் தொடர் எந்தப் பெயரைச் சார்ந்தது என்றும் வேண்டுமானால், வலமிருந்து இடமாகப் போங்கள். கடைசியில் இருக்கும் பெயர் தலைப்பெயர். அதில் பல சொற்கள் இருக்கலாம், 'குடிநீர் இணைப்பு எண்' மூன்றும் சேர்ந்து ஒன்று. 'ின்' தொடர் தனக்கு வலப்பக்கத்துப் பெயரோடு சேரும். 'ில்', 'க்கு', 'ால்', 'ிலிருந்து' ஆகியவை வலப்பக்கத்தில் பெயரெச்சம் இருந்தால் அதோடு, இல்லாவிட்டால் பெயரோடு. அப்படிப் போனால் தொடக்கத்தில் பார்த்த நூலக லேபிள் இப்படிப் பிரியும்:

[நூலகத்தில் பதிவு செய்த] → மாணவர்கள்
[மாணவர்களின்] → எண்ணிக்கை

பெயரெச்சங்களை முடிவெழுத்தை வைத்துப் பிடிக்க முயலாதீர்கள். 'செல்லும்', 'வாங்கும்' இவற்றின் 'உம்'மும் 'ஆண்களும் பெண்களும்' என்பதன் 'உம்'மும் நிரலுக்கு ஒன்றுதான். உள்ள, இல்லாத, செய்த, பெற்ற, செல்லும் என்று உங்கள் கோப்பில் வருபவற்றைப் பட்டியலாக எடுப்பது சுலபம்; லேபிள் எழுதுபவர்கள் திரும்பத் திரும்ப அதே சில சொற்களைத்தான் பயன்படுத்துவார்கள்.

'மற்றும்' வந்தால் கவனம். 'ஆண்கள் மற்றும் பெண்களின் எண்ணிக்கை' என்பதில் 'இன்' இருவருக்கும் பொது. 'வயது மற்றும் பெற்றோரின் வருமானம்' என்பதில் வயது தனித் தலைப்பெயர். விதியால் இதைத் தீர்க்க முடியாது, 'மனிதர் பார்க்கவும்' என்று குறியிட்டு ஒதுக்குங்கள்.

10. மூலச்சொல் வேண்டுமா? யோசித்துவிட்டு இறங்குங்கள்

'மரத்தில்' என்பதை 'மரம்' ஆக்க, 'த்த்' என்று மிஞ்சுவதை 'ம்' ஆக்கினால் போதும் என்று தோன்றும். 'கருத்தில்' வந்தால் 'கரும்' ஆகிவிடும். 'ஆற்றில்' ஆறு, 'காற்றில்' காற்று. விதி எழுதி மாளாது. தேடலுக்கு மட்டும் என்றால் வெட்டிய அடிச்சொல்லே போதும். கட்டாயம் மூலச்சொல் வேண்டுமானால், கோப்பில் உருபில்லாமல் வரும் பெயர்களைத் திரட்டி, விதி தரும் விடை அந்தத் திரட்டில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

11. சோதனை

முதல் சோதனை இயந்திரத்தனமானது: துண்டுகளையும், கழற்றி வைத்த சந்தி எழுத்துகளையும், அடைப்புக்குறிப் பகுதியையும் திரும்ப ஒட்டினால் சுத்தம் செய்த லேபிள் எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். வராவிட்டால் எங்கோ எழுத்தை விழுங்கியிருக்கிறீர்கள். மொழி மாடல்களிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வதாக இருந்தாலும் இந்தச் சோதனையை வையுங்கள், அவை சொல்லாமல் கொள்ளாமல் எழுத்தை 'திருத்தி' விடும். தமிழுக்கு டோக்கன் (மாடல் உரையை வெட்டிக்கொள்ளும் துண்டு) கணக்கும் ஆங்கிலத்தைவிட எகிறும், கட்டணச் சேவை என்றால் முழுக் கோப்பையும் அனுப்பும் முன் ஐம்பது லேபிளை அனுப்பிக் கணக்குப் பாருங்கள்.

பிறகு, திறக்காமல் வைத்திருந்த 100 லேபிளை எடுத்து ஓட்டுங்கள். தலைப்பெயர் எத்தனை சரி, தொடர் எத்தனை சரி என்று தனித்தனியாக எண்ணுங்கள். தலைப்பெயர் நன்றாக வந்து தொடர் மட்டும் சொதப்பினால் 7ஆம் படிக்கும் 8ஆம் படிக்கும் போங்கள். இரண்டும் சொதப்பினால் சுத்தம் செய்யும் படியில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. தவறுகளைத் திருத்திய பிறகு அந்த 100 பழைய தாளாகிவிடும், அடுத்த அளவீட்டுக்குப் புதிதாக 100 எடுத்துக் கையால் பிரிக்க வேண்டும்.

உருபுப் பட்டியலையும் விதிவிலக்குகளையும் நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்புகளாக வையுங்கள், நிரல் தெரியாதவரும் திருத்தலாம். புதிய லேபிள்கள் வரும்போது, இதுவரை பார்க்காத, உருபில் முடிவதுபோல் தெரியும் சொற்களை மட்டும் ஒரு கோப்பில் கொட்டச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும், கண்ணால் பார்த்து ஒவ்வொன்றையும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தள்ளிவிடலாம்.